ஏழு கட்டுரை, ஒரே கையெழுத்து

தருமபுரி மாவட்டத்தில் ஆங்கில இலக்கியம் பயிலும் கல்லூரி மாணவர்களுக்கான கட்டுரைப் பரிசளிப்பு விழாவில், நடுவர் குழுத் தலைவர் பேராசிரியர் எழிலரசி ஆற்றிய உரை

அவைக்குத் தலைமை ஏற்று, ஆரவாரம் அறியாதவராய் அமர்ந்திருக்கும் அறக்கட்டளைத் தலைவர், என் பெருமதிப்புக்குரிய சவுரியப்பன் ஐயா அவர்களே! அழைப்பிதழில் பெயர் உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் ஒரே பந்தியில் சோறு போட்ட கல்லூரி முதல்வர் சந்திரமோகன் அவர்களே! பேச்சு நீளும் என்று தெரிந்தும் எழுந்து போகாமல் இருக்கும் பெரியோர்களே! ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பெட்டியில் இருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, முதல் வரிசையில் உட்காரச் சொன்னால் கூச்சப்பட்டு மூன்றாம் வரிசைக்குப் போய்விட்ட தாய்மார்களே! பரிசு வாங்க வந்திருக்கும் பிள்ளைகளே! பரிசு வாங்குகிறவர்களைக் கிண்டல் செய்வதற்கென்றே பின்வரிசையைப் பிடித்து வைத்திருக்கும் பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம் உரியது. பின்வரிசைக்குக் கொஞ்சம் கூடுதலாக உரியது, ஏனென்றால் நானும் அங்கிருந்து வந்தவள்தான்.

ஆங்கிலப் பரிசு விழாவில் ஆங்கிலப் பேராசிரியை தமிழில் பேசுகிறாளே, இங்கிலீஷ் மறந்து போச்சா என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. மறக்கவில்லை ஐயா! பரிசு ஆங்கிலத்துக்கு, பெருமை யாருக்கு? அந்த மூன்றாம் வரிசைக்கு! பெற்றவளுக்குப் புரியாத மொழியில் பிள்ளையின் பெருமையைப் பேசி எவருக்கு என்ன பயன்? அதனால் இன்று தமிழ்தான்.

நான் பாப்பாரப்பட்டிக்காரி. சேலத்தில் பாடம் நடத்துகிறேன். ஆகா, ஊர்ப் பேரைச் சொன்னதும் இடப்பக்கம் கைதட்டல்! தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் நான் இன்று பேச வந்தது இண்டூரின் பெருமை, தீர்த்தமலையின் பெருமை. பாப்பாரப்பட்டியின் தவறு ஒன்றும் இதில் இருக்கிறது. அந்தத் தவறைச் செய்தவள் நான்.

இந்தப் பரிசு என்ன பரிசு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சவுரியப்பன் ஐயாவின் துணைவியார் காலமெல்லாம் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அவர் நினைவாக ஐயா இந்த அறக்கட்டளையை நிறுவினார். பி.ஏ. ஆங்கிலம் முடிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டுரைப் போட்டி. முதலிடம் பெறும் ஒருவருக்கு, ஒரே ஒருவருக்கு, எம்.ஏ. படிக்கும் இரண்டு ஆண்டும் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் அறக்கட்டளையின் பொறுப்பு. இரண்டாம் இடத்துக்குப் பதக்கமும் புத்தகங்களும் உண்டு, உதவித்தொகை கிடையாது. முதலிடம் என்றால் படிப்பு. இரண்டாமிடம் என்றால் பாராட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை தூரம் என்று வசதி உள்ளவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இந்த ஆண்டுத் தலைப்பு: "எனக்குத் தெரிந்த ஒரு வேலை". ஆறு பக்கம், ஆங்கிலத்தில், அவரவர் கைப்பட எழுத வேண்டும். ஏன் கைப்பட? கைபேசியைத் தட்டினால் கட்டுரை கொட்டுகிற காலம் இது. கேட்டால் காதல் கடிதமும் எழுதித் தரும், கல்யாணம் ஆனபின் மன்னிப்புக் கடிதமும் எழுதித் தரும்! அங்கே ஒரு தம்பி ரொம்பச் சிரிக்கிறார், அனுபவம் போலிருக்கிறது. அதனால்தான் அந்த விதி. கையால் எழுதினால் கொஞ்சமாவது மண்டையில் ஏறும் என்று நாங்கள் நினைத்தோம்.

நாற்பத்தொரு கட்டுரைகள் வந்தன. இந்தக் கல்லூரி உறையைப் பிரித்தேன். முதல் கட்டுரை. முத்து முத்தான கையெழுத்து. அடடா, இந்தக் காலத்தில் இப்படி ஒரு கையெழுத்தா என்று மகிழ்ந்தேன். இரண்டாம் கட்டுரையை எடுத்தேன். அதே கையெழுத்து! மூன்றாவது? அதே கையெழுத்து! நான்கு, ஐந்து, ஆறு, ஏழு... பெயர் ஏழு, ஊர் ஏழு, கையெழுத்து மட்டும் ஒன்றே ஒன்று!

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மாணவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். யாரோ ஒருத்தர் உட்கார்ந்து ஏழு பேருக்கும் எழுதித் தள்ளியிருக்கிறார், எந்தக் குதிரை ஓடினாலும் சரி என்று ஏழு பெயரில் அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். ஏழின் தலையிலும், "ஒருவரே எழுதியது. தள்ளுபடி" என்று எழுதினேன். கேட்டேனா? இல்லை. விசாரித்தேனா? இல்லை. முழுதாகப் படித்தேனா? அதுவும் இல்லை. எழுதியவர்களைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிய அந்தக் கை, இதோ, இந்தக் கைதான்.

மறுநாள் முதல்வர் போன் செய்தார். "மேடம், ஒருக்கா நேர்ல வந்து பாருங்க. எங்க பசங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க" என்றார். வருகிறேன் சார், நேரிலேயே திட்டிவிட்டுப் போகிறேன் என்று சேலத்தில் பஸ் ஏறினேன். தொப்பூர்க் கணவாய் தாண்டும்வரை என்னென்ன திட்டலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி வந்தேன்.

ஆங்கிலத் துறை அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் உள்ளே வந்தாள். பெயர் அன்பரசி, ஊர் இண்டூர். துறை விழா என்றால் வரவேற்புப் பலகை எழுதுவது அவள். மாணவர்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுப்பது என்றாலும் எழுதுவது அவள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

"ஏழும் உன் கையெழுத்தா?" என்றேன்.

"ஆமாங்க மேடம்."

"ஏழும் நீ எழுதினதா?"

"இல்லீங்க மேடம். ஒண்ணுதான் என்னோடது. மிச்ச ஆறும் அவங்கவங்க எழுதுனது. நான் ஃபேர் காப்பி போட்டுக் குடுத்தனுங்க."

"எதுக்கும்மா நீ போட்டுக் குடுத்தே?"

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்பது போல ஒரு பார்வை. "நல்ல கையெழுத்துக்கு அஞ்சு மார்க்குன்னு பள்ளிக்கூடத்துல சொல்லுவாங்க இல்லீங்களா மேடம்? கையெழுத்தால யாருக்கும் அந்த அஞ்சு மார்க்கு போயிடக்கூடாதுன்னுதான்" என்றாள்.

பெரியோர்களே, தாய்மார்களே! அந்த அஞ்சு மார்க்கைக் கேள்விப்படாமல் இந்த மாவட்டத்தில் பத்தாம் வகுப்புத் தாண்டிய பிள்ளை ஒன்று உண்டா? அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது, அஞ்சு மார்க்! மேலே கோடு போடு, கீழே கோடு போடு, அஞ்சு மார்க்! யார் சொன்னது? நாம் சொன்னோம். ஆசிரியர்கள் சொன்னோம். நானே சொல்லியிருக்கிறேன். அதை நம்பி ஏழு பிள்ளைகள் செய்த காரியத்துக்கு, திருட்டு என்று பெயர் வைத்தவளும் நானே.

"விதிமுறை படிக்கலையா?" என்று கேட்டேன். விடமாட்டேனே நான்!

"ஒரே ஒரு விண்ணப்பந்தான் கெடச்சுதுங்க. அத ஏழு பேருக்கும் ஜெராக்ஸ் எடுத்தோம். கடேசிப் பக்கம் பூரா விதிமுறைன்னு இருந்துது. எப்பவும் போடறதுதானேன்னு அந்தப் பக்கத்த மட்டும் விட்டுட்டோமுங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! வங்கியில், சிம் கார்டு கடையில், கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த அரங்கில் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒரு கை? முதல்வரே, நீங்களும் தூக்கவில்லை.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கொண்டுவந்த ஏழு கட்டுரைகளையும் அங்கேயே உட்கார்ந்து முதல்முறையாக முழுதாகப் படித்துவிட்டு, மற்ற ஆறு பேரையும் தனித்தனியாக அழைத்தேன். அவர்களில் ஒருவன் மாதேஷ். தீர்த்தமலை அடிவாரத்துப் பையன். அவன் கட்டுரை அவன் அம்மா ராமக்காளைப் பற்றியது. மலைக் கோயிலுக்குக் கூட்டம் வரும் நாட்களில் படிக்கட்டுக்குக் கீழே பக்தர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்கிற வேலை அந்த அம்மாவுக்கு. அவனை மடக்கவேண்டும் என்றே கட்டுரையில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். "யாராவது டோக்கனைத் தொலைச்சிட்டா உங்கம்மா என்ன செய்வாங்க?"

"ஒண்ணும் செய்யாதுங்க மேடம். வந்தவங்க காலைப் பாக்கும், செருப்ப எடுத்துக் குடுத்துரும்."

"காலைப் பார்த்தேவா?"

"ஆமாங்க. தேஞ்ச செருப்புக்குத் தேஞ்ச காலுதானுங்களே. எங்கம்மா ஒருவாட்டிகூட மாத்திக் குடுத்ததில்லீங்க."

"இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் கட்டுரையில் எழுதல?"

"ஆறு பக்கந்தான்னு சொல்லிட்டீங்களே மேடம்!"

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஆறு பேரிடமும் அப்படித்தான் கேட்டேன். ஆறு பேரும் எழுதியதற்கு மேல் சொன்னார்கள். ஐயத்துக்கு இடமே இல்லை. அந்தக் கையெழுத்து அன்பரசியுடையது, அந்த எண்ணம் அவரவருடையது. முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்திய என் கண்ணுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! அன்பரசியைத் திரும்ப அழைத்தேன். "உன் கட்டுரை உன் கையால் எழுதினது. அது செல்லும். மற்ற ஆறும் விதிப்படி செல்லாது. நான் ஒன்றும் செய்ய முடியாது" என்றேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவள் திரும்பி வருவதற்கு முன்பே முதல்வர் என்னிடம் தணிந்த குரலில் சொல்லியிருந்தார். அவள் அப்பா சென்றாயன் பெங்களூரில் கட்டட வேலை. அம்மா மாதம்மாள் காட்டு வேலை, நூறு நாள் வேலை, எது கிடைக்கிறதோ அது. கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள். இந்த உதவித்தொகை கிடைத்தால் எம்.ஏ. படி, இல்லாவிட்டால் ஓசூர்க் கம்பெனிக்குப் போ என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கம்பெனி ஆர்டர் கூட வந்துவிட்டது. நான் படித்தவரை அந்த ஏழில் அவள் கட்டுரையும் முன்வரிசையில் நின்றது. வாயை மூடிக்கொண்டு, "சரிங்க மேடம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"அப்ப என்னோடதையும் எடுத்துருங்க மேடம்."

"ஏம்மா?"

"ஜெராக்ஸ் எடுக்கப் போனது நானுங்க. கடேசிப் பக்கத்த விட்டது நானு. அவங்க என்னை நம்பித்தான குடுத்தாங்க? தப்புப் பண்ணுன நான் உள்ள இருக்கறது, அவங்க வெளிய போறதா? அது நல்லா இருக்காதுங்க."

திட்ட வந்தவள் நான், பாடம் கேட்டுக்கொண்டவளும் நான்! சவுரியப்பன் ஐயாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். ஐயா முழுதும் கேட்டார். பிறகு, "ஏழு பேரும் மறுபடி ஒருவாட்டி அவங்கவங்க கையால எழுதட்டும்மா. போட்டி இன்னும் முடியலையே" என்றார். ஐயா, அன்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக இந்த அவை உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

குறித்த நாள் வந்தது. காலை பத்து மணி. ஏழு பெஞ்சு, ஏழு விடைத்தாள். வந்தது எத்தனை பேர்? ஒரே ஒருத்தி! அன்பரசி மட்டும். மற்ற ஆறு பேரும் பேசி வைத்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டார்கள். அவள் படிக்கட்டுமே என்று விட்டுக் கொடுத்துவிட்டார்கள்! அந்த ஆறு பேருக்கும் மட்டும் எம்.ஏ. ஆசை இல்லையா? அவர்கள் வீட்டில் மட்டும் காசு கொழிக்கிறதா? இல்லை. நான் அந்த வெற்றுப் பெஞ்சுகளைப் பார்த்தபடி நின்றேன். எனக்குக் கண் கலங்கியது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவளுக்குக் கலங்கவில்லை! கோபம் வந்தது. விறுவிறுவென்று வெளியே போனாள். கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் ஆறு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே போன நான் கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

"எந்திரிங்க எல்லாரும்! எனக்கு விட்டுக் குடுக்கச் சொல்லி யாரு கேட்டா?"

ஜாஸ்மின் என்ற பெண் மெதுவாக, "உங்க வூட்ல ஓசூருக்கு அனுப்பறேங்கறாங்கல்ல, அதான் அன்பு..." என்றாள்.

"அது எங்க வூட்டுப் பாடு! நான் பாத்துக்கறேன். நான் ஜெயிச்சா உங்கள ஜெயிச்சதா இருக்கணும். காலி பெஞ்ச ஜெயிச்சு அதக் கொண்டுபோயி நான் எங்க வெக்கிறது? மாதேஷு, மொதல்ல நீ எந்திரி. டீய அப்புறம் குடி!"

பாதி டீயை வைத்துவிட்டு ஆறு பேரும் வந்தார்கள். ஏழு பேரும் எழுதினார்கள். அவள் கையெழுத்து எனக்குத் தெரியும் என்பதால் திருத்தும் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொண்டேன். வெளியூர்ப் பேராசிரியர் இருவர், பெயர் தெரியாமல், எண் மட்டும் போட்ட நாற்பத்தொரு கட்டுரைகளையும் திருத்தினார்கள். ஒருவர் என்னைப் போனில் கூப்பிட்டு, "பதினேழாம் எண் கட்டுரையைக் கோழி கிளறினாற்போல் எழுதியிருக்கிறார்கள், ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது" என்று சலித்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார். "அந்தப் பதினேழு இருக்கிறதே, அதை மூன்று முறை படித்துவிட்டேன்" என்றார்.

முடிவைச் சொல்கிறேன். அமைதி, அமைதி. இரண்டாம் இடம், இண்டூர் அன்பரசி. முதலிடம், எம்.ஏ. படிப்பதற்கான உதவித்தொகை, பதினேழாம் எண், தீர்த்தமலை மாதேஷ்!

என்ன, கைதட்டலுக்கு நடுவே "அச்சச்சோ" என்று ஒரு சத்தம்? கேட்டது, கேட்டது. அந்த "அச்சச்சோ" எனக்கும் வந்தது அம்மா. ஆனால் வேண்டாம். மாதேஷ், எழுந்து நில். தலையைக் குனியாதே! நீ யாரிடமும் பறிக்கவில்லை, எழுதி வாங்கியிருக்கிறாய். ராமக்காள் அம்மா, நீங்களும் எழுந்திருங்கள். உங்கள் வேலையை உங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, முகம் தெரியாத இரண்டு பேராசிரியர்களை மலையடிவாரத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டான். இப்போது தட்டுங்கள் கையை!

அன்பரசி அடுத்த திங்கட்கிழமை ஓசூரில் வேலைக்குச் சேர்கிறாள். பட்டம் வாங்கிய பின்னும் மூன்று ஆண்டுவரை இந்தப் போட்டியில் எழுதலாம். அடுத்த ஆண்டும் எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிற பெண் என்பது இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மேடையில் திடீரென்று கேட்டால் அந்தப் பிள்ளை மனம் நோகுமே என்று நேற்றே அவளை அழைத்து முடிவைச் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து அவளுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாதேஷிடம் இந்த நிமிடம்வரை மூச்சு விடவில்லை. சொல்லும்போது என் குரல்தான் உடைந்தது. அவள் என்னைத் தேற்றினாள்!

"விடுங்க மேடம். இது எனக்கு மொதல்லயே தெரியுமுங்க" என்றாள்.

"எப்போ தெரியும்? மறுபடி எழுதினப்பவா?"

"இல்லீங்க. ஃபேர் காப்பி போட்டப்பவே. அவன் கட்டுரைய ரெண்டாவது பக்கம் எழுதறப்ப பேனாவக் கீழ வெச்சிட்டனுங்க. இதுக்கு முன்னால என்னோடது நிக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் என்னம்மா செய்தே?"

"என்னங்க மேடம் செய்யறது? மிச்சம் நாலு பக்கத்தையும் எழுதுனேன்."

பெரியோர்களே! பின்தங்கிய மாவட்டமாம் தருமபுரி! யார் சொன்னது? எதில் பின்தங்கினோம்? தன் படிப்பைப் பறிக்கப்போகும் தாள் தன் கையிலேயே இருந்தபோது, ஒரு வரி குறைக்கவில்லை, ஒரு சொல் மாற்றவில்லை, தன் கட்டுரைக்கு எழுதிய அதே அழகோடு அதையும் எழுதி முடித்தாளே, இந்த மனத்திலா பின்தங்கினோம்? தெரிந்தே வேப்பமரத்தடிக்குப் போய், தன்னை வெல்லப்போகிறவனை முதலில் பேர் சொல்லி எழுப்பினாளே, இந்தத் துணிவிலா பின்தங்கினோம்? முப்பது ஆண்டாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். எழுத்தில் நேர்மை வேண்டும் என்று எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று நேற்றுத்தான் கண்ணால் பார்த்தேன்.

மாதம்மாள் அம்மா, நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். அங்கேயே இருங்கள், நீங்கள் மேடைக்கு வரவேண்டாம். உங்கள் பெண்ணின் பதக்கத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் மேடையை விட்டு இறங்கி அங்கே வருகிறோம். சவுரியப்பன் ஐயா, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், படி உயரமாக இருக்கிறது.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், பிள்ளைகளை இப்படி வளர்த்த தாய்மார்க்கும், என் தவறைப் பொறுத்த ஏழு பிள்ளைகளுக்கும் நன்றி கூறி, கும்பிட்டு விடைபெறுகிறேன். வணக்கம்.